மூச்சும் மூடநம்பிக்கையும்

(சோளிங்கரில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்றையக் கூட்டத்து நோட்டீசில் என் பெயருக்கு நேராகக் "கடவுள்" என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் நான் இன்று மூச்சைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஏனென்றால், கடவுள் இல்லாமல் ஒரு மனிதன் எண்பது வருஷம் சௌக்கியமாக இருந்துவிடலாம். மூச்சு இல்லாமல் எட்டு நிமிஷம் இருக்க முடியாது. இந்த இரண்டில் எது முக்கியம் என்பதை நீங்களே முடிவு செய்து கொள்ளுங்கள். எப்படியும் பேச்சின் நடுவில் கடவுளும் வந்து சேருவார். அவர் வராமல் இந்த நாட்டில் எந்த வியாதியையும் பற்றிப் பேச முடிவதில்லை.

நாட்டு ஜனங்கள் இளைப்பு, இரைப்பு, ஈளை, இழுப்பு என்று சொல்லுகிறார்களே, இப்போது எல்லோரும் வீசிங் என்று சொல்லுகிறார்களே, அந்த ஆஸ்துமாவைப் பற்றியும், அதற்கு இருக்கிற மருந்தை எப்படி ஆபத்தில்லாமல் உபயோகிப்பது என்பதைப் பற்றியும் சொல்லப் போகிறேன். "இது டாக்டர் பேச வேண்டிய விஷயமாயிற்றே, இவன் ஏன் பேசுகிறான்?" என்று கேட்கலாம். டாக்டர் மருந்து எழுதிக் கொடுக்கிறார். அதைத் தின்னவிடாமல் தடுப்பது மூடநம்பிக்கை. மூடநம்பிக்கையோடு சண்டை போடுவது என் வேலை. அதனால்தான் பேசுகிறேன்.

மலையும் மூச்சும்

உங்கள் ஊர் சாதாரண ஊர் அல்ல. திருக்கடிகை என்று பெயர் பெற்ற ஊர். கடிகை என்றால் ஒரு நாழிகை, அதாவது 24 நிமிஷம். இந்த மலையில் ஒரு நாழிகை நேரம் தங்கினால் மோட்சம் கிடைக்கும் என்று தலபுராணக்காரர்கள் சொல்லுகிறார்கள். தோழர்களே, இந்த ஒரு விஷயத்தில் புராணக்காரர்களோடு நான் ஓரளவுக்கு ஒத்துப்போகிறேன். மூச்சு முட்டித் திணறிக்கொண்டிருக்கிறவனை, மருந்து கொடுக்காமல் 24 நிமிஷம் சும்மா வைத்துக்கொண்டிருந்தால், அவனுக்கு மோட்சம் கிடைத்தாலும் கிடைத்துவிடும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை!

பெரிய மலைக்கு 1305 படி. ஏற முடியாதவர்களுக்காக 2024-ஆம் வருஷத்தில் ரோப் கார் விட்டார்கள். நான் அதைக் குறை சொல்லவில்லை, நல்ல காரியம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். மலைமேல் இருக்கிற சாமி நோயைத் தீர்க்கிறவர், மூச்சைக் கொடுக்கிறவர் என்றால், தன்னைப் பார்க்க வருகிற பக்தனுக்கு 1305 படி ஏறுகிற மூச்சையாவது கொடுத்திருக்க வேண்டாமா? அந்த மூச்சை அவர் கொடுக்கவில்லை. இரும்புக் கயிறும் மின்சாரமும் இஞ்சினீயரும் சேர்ந்து கொடுத்தார்கள். சாமியைப் பார்க்கவே சயன்ஸ் தயவு வேண்டியிருக்கிறபோது, நோயைத் தீர்க்க மட்டும் சாமி தயவு போதும் என்பது எந்த ஊர் நியாயம்?

கார்த்திகை மாதத்தில் யோக நரசிம்மர் கண் திறக்கிறார் என்று கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். அதே கார்த்திகையில்தான் பனி இறங்குகிறது, சளி பிடிக்கிறது, இழுப்புக்காரனுக்கு இழுப்பும் கண் திறக்கிறது. அந்தச் சமயம் பார்த்து நோயாளியைக் கொண்டுவந்து, விடியற்காலத்தில் தக்கான் குளத்துக் குளிர்ந்த தண்ணீரில் முக்கி எடுத்து, ஈரத் துணியோடு நிற்க வைத்தால் அந்த நெஞ்சு என்ன ஆகும்? குளிர்ந்த காற்றும் சளிக்காய்ச்சலும் இழுப்பைக் கிளப்பிவிடும் காரணங்களில் முக்கியமானவை. நோயாளி சாமியிடம் வந்து நோயை விட்டுவிட்டுப் போவதில்லை. இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொண்டு போகிறான்.

விரால் மீன் வைத்தியம்

இந்த மூடத்தனம் சோளிங்கருக்கு மாத்திரம் சொந்தமல்ல. ஐதராபாத்தில் வருஷா வருஷம் ஜூன் மாதத்தில், மிருகசீரிஷக் கார்த்தி என்று ஒரு நாள் பார்த்து, உயிருள்ள சின்ன விரால் மீனின் வாயில் மஞ்சள் நிறமாக ஏதோ ஒரு லேகியத்தை அடைத்து, அதை ஆஸ்துமாக்காரன் தொண்டைக்குள் தள்ளி விழுங்க வைக்கிறார்கள். 1845-இல் ஒரு சாமியார் ஒரு குடும்பத்திற்குச் சொல்லிக் கொடுத்த ரகசியமாம். அந்த ரகசியத்தை இன்றுவரை வெளியே சொல்லவில்லை. ஆயிரக்கணக்கில் ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள். சர்க்கார் இடம் கொடுத்து, போலீஸ் போட்டு, மீனுக்கும் ஏற்பாடு செய்கிறது. மீன் தின்னாதவர்களுக்கு வெல்லத்தில் வைத்துக் கொடுக்கிறார்கள்.

முதலில் இதற்கு மீன் மருந்து என்றுதான் பெயர். ஜன விஞ்ஞான வேதிகை என்கிற பகுத்தறிவுத் தோழர்கள் இதை எதிர்த்துக் கோர்ட்டு வரைக்கும் போனார்கள். இப்போது "மீன் பிரசாதம்" என்று பெயர். மருந்து என்று சொன்னால், அதில் என்ன இருக்கிறது, எத்தனை பேருக்குக் குணமாயிற்று, எத்தனை பேருக்குக் கெடுதல் வந்தது என்று கேட்க வேண்டிவரும். பிரசாதம் என்று சொல்லிவிட்டால் கேள்வியே கிடையாது. பார்த்தீர்களா, பெயர் மாற்றத்தில் இருக்கிற சாமர்த்தியத்தை?

2020 முதல் மூன்று வருஷம் கொரோனா காரணமாக இந்த மீன் வைத்தியத்தை நிறுத்தி வைத்தார்கள். மூச்சு நோயைத் தீர்க்கிற பிரசாதம், உலகத்தையே மூச்சு நோய் பிடித்து ஆட்டின காலத்தில் லீவு எடுத்துக்கொண்டது. அந்தச் சமயத்தில் எந்த ஆஸ்பத்திரியாவது லீவு விட்டதா?

என் வீட்டுச் சங்கதி

தோழர்களே, இதுவரை மற்றவர்களைச் சொன்னேன். இனி என்னைச் சொல்லிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் எனக்கு மேடையேற யோக்கியதை இல்லை.

என் தங்கைக்குச் சிறு வயது முதல் இழுப்பு உண்டு. டாக்டர் இரண்டு பம்பு எழுதிக் கொடுத்தார். ஒன்று தினம் இரண்டு வேளை எடுக்க வேண்டியது. மற்றொன்று இழுப்பு வந்தால் எடுக்க வேண்டியது. கல்யாணம் நிச்சயமான சமயம். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் கல்யாணம் நின்றுபோகும் என்று என் தாயார் பயந்தார். நான் பகுத்தறிவுக்காரன் அல்லவா? நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "தெரிந்தால் தெரியட்டும், இது ஒரு குற்றமா?" என்று கேட்டிருக்க வேண்டும். நான் சொன்னது என்ன தெரியுமா? "பம்பு பிடித்தால் பழக்கமாகிவிடும், நெஞ்சு அதற்கு அடிமையாகிவிடும், கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிடு. ரொம்ப முடியாமல் போனால் மாத்திரை போட்டுக்கொள்" என்றேன். யார் சொல்லிக் கொடுத்தார்கள்? யாரும் இல்லை. டீக்கடையில் கேட்டது. நாலு பேர் சொன்னது. நாலு பேர் சொன்னதை நம்பாதே என்று ஊர் ஊராகப் போய்ப் பேசுகிற நான், நாலு பேர் சொன்னதை என் தங்கை நெஞ்சில் ஏற்றினேன்.

அவள் இரண்டு பம்புகளையும் டிரங்குப் பெட்டியின் அடியில் சேலைகளுக்குக் கீழே வைத்துவிட்டாள். கல்யாணமான மறு வருஷம் மார்கழி மாதத்தில் ஒரு இரவு எனக்கு ஆள் வந்தது. நான் போய்ப் பார்த்தபோது உட்கார்ந்தபடி இரண்டு கையையும் முட்டிமேல் ஊன்றிக்கொண்டு தோள் இரண்டையும் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். நெற்றி நிறைய விபூதி. கையில் மந்திரித்த கயிறு. "அண்ணா" என்கிற ஒரு சொல்லை இரண்டாக உடைத்துச் சொன்னாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் பிராணவாயு வைத்தார்கள், மருந்தைப் புகையாக்கிப் பிடிக்க வைத்தார்கள், ஊசி போட்டார்கள். இரண்டு நாள் கழித்துப் பிழைத்து எழுந்தாள். மலைச் சாமிதான் காப்பாற்றினார் என்று என் தாயார் சொன்னார். வழக்கம்போல நான் சண்டைக்குப் போனேன். அப்போது பக்கத்தில் இருந்த நர்சு அம்மாள், சின்னப் பெண், என்னைப் பார்த்து, "காப்பாற்றினது யார் என்பது இருக்கட்டும், பம்பை நிறுத்தச் சொன்னது யார்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நூறு மேடையில் பேசின வாய் அன்றைக்கு மூடிக்கொண்டது.

அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். மூடநம்பிக்கை கோவிலில் மாத்திரம் குடியிருப்பதில்லை. விசாரிக்காமல் நம்புகிற எந்த இடத்திலும் அது குடியிருக்கும். சட்டை கருப்பாக இருந்தால் அதற்கு வழி தெரியாது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அதன் பிறகுதான் புத்தகம் வாங்கிப் படித்தேன், டாக்டர்களைக் கேட்டேன். அப்படித் தெரிந்துகொண்டதைத்தான் இப்போது சொல்லுகிறேன்.

வியாதி என்ன?

காற்று போகிற குழாய்கள் நெஞ்சுக்குள் மரத்தின் கிளைபோலப் பிரிந்து பிரிந்து போகின்றன. ஆஸ்துமாக்காரனுக்கு அந்தக் குழாய்களின் உள்சுவர் எப்போதும் சற்றுப் புண்ணாக, வீங்கி இருக்கும். தூசியோ புகையோ பனியோ பட்டதும் மூன்று காரியம் நடக்கிறது. குழாயைச் சுற்றியிருக்கிற தசை இறுகுகிறது; உள்வீக்கம் அதிகமாகிறது; சளி கட்டுகிறது. வழி குறுகுகிறபடியால் காற்று புல்லாங்குழல் ஊதுகிற மாதிரி "கீச் கீச்" என்று சத்தம் போடுகிறது. இதில் பேயும் இல்லை, பூர்வஜன்ம பாவமும் இல்லை, செவ்வாய் தோஷமும் இல்லை. இது ஒட்டுவாரொட்டியும் அல்ல. ஒருவர் தட்டில் ஒருவர் சாப்பிட்டால் வராது.

மருந்தும் இதற்குத் தக்கபடி இரண்டு வகை. இறுகின தசையைத் தளர்த்தி வழி திறப்பது ஒன்று. சால்பூட்டமால் என்பது இந்த வகை; 1969-இல் வந்தது. பெரும்பாலும் நீல நிறப் பம்பாக இருக்கும். ஐந்து நிமிஷத்துக்குள் வேலை செய்யும், நாலைந்து மணி நேரம் நிற்கும். இரண்டாவது வகை, உள்ளே இருக்கிற வீக்கத்தை ஆற்றுவது. புடசோனைடு, பெக்ளோமெத்தசோன் என்பவை இந்த வகை. இது உடனே வேலை செய்யாது; தினமும் எடுக்க எடுக்க நாளாவட்டத்தில் குணம் தெரியும்.

வீட்டில் தீப்பிடித்துக் கதவு இறுகிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மருந்து கதவைத் திறக்கிறது. இரண்டாவது மருந்து தீயை அணைக்கிறது. கதவைத் திறந்தவுடன் காற்று வருகிறதே, சுகமாக இருக்கிறதே என்று தீயை அணைக்காமல் விட்டால் என்ன ஆகும்? இந்த நாட்டில் ஆஸ்துமாக்காரர்கள் சாவதற்கு இதுவே பெரிய காரணம். 2019-ஆம் வருஷத்து உலகக் கணக்குப்படி, உலகத்து ஆஸ்துமாக்காரர்களில் 100-க்குச் சுமார் 13 பேர் இந்தியாவில் இருக்கிறார்கள். ஆஸ்துமாவால் சாகிறவர்களிலோ 100-க்கு 40 பேருக்கு மேல் நம்மவர்கள். நோய் நமக்கு அதிகமாக வரவில்லை, தோழர்களே. சாவுதான் அதிகமாக வருகிறது. அதைத் தலைவிதி என்று சொன்னால், தலைவிதி ஏன் இங்கிலாந்துக்காரனுக்கு ஒரு மாதிரியும் நமக்கு வேறு மாதிரியும் எழுதப்படுகிறது?

ஊமத்தையும் சாமியும்

நம் பெரியோர் வைத்தியத்தில் ஒன்றுமே இல்லையா என்று சிலர் கோபித்துக்கொள்ளுவார்கள். இருக்கிறது. ஆனால் சோதித்துப் பார்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். சிவனுக்கு ஊமத்தம் பூ சாத்துகிறார்கள். எத்தனையோ நூறு வருஷமாகச் சாத்தியும் சிவனால் ஒரு இழுப்பு தீர்ந்ததில்லை. ஆனால் சென்னைப் பக்கத்தில் அந்த ஊமத்தையைக் காயவைத்துப் புகைபிடித்து மூச்சு விட்டுக்கொண்டிருந்ததை வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் கவனித்தார். அவரிடமிருந்து தெரிந்துகொண்ட ஜெனரல் ஜென்ட் என்பவர் 1802-இல் அதைச் சீமைக்குக் கொண்டுபோனார். அங்கே அநேக வருஷம் ஆஸ்துமாவுக்கு ஊமத்தைச் சுருட்டே விற்றார்கள். ஊமத்தை விஷம், அளவு மிஞ்சினால் புத்தி பேதலிக்கும், உயிரும் போகும். ஆகவே அதில் இருக்கிற சத்து என்ன என்று பிரித்துப் பார்த்தார்கள். அந்த இனத்துச் சத்தை மாற்றி அமைத்ததே இன்று ஆஸ்பத்திரிகளில் கொடுக்கிற இப்ரட்ரோபியம் என்ற மூச்சு மருந்து. ஆடாதோடையின் சத்தை வைத்துத்தான் சளியை இளக்குகிற புரோம்ஹெக்சின் என்ற மருந்தைச் செய்தார்கள்.

செடி நம் தோட்டத்துச் செடி. நாம் மாலை கட்டினோம். அவன் ஆராய்ச்சி செய்தான். வித்தியாசம் இவ்வளவுதான்.

மருந்தையும் கும்பிடாதீர்கள்

சாமியைக் கும்பிடாதே என்று சொல்லிவிட்டு மருந்தைக் கும்பிடு என்று சொல்ல நான் வரவில்லை. மருந்தும் தப்பாக உபயோகித்தால் கொல்லும். இதற்கு ஒரு உண்மைச் சரித்திரம் சொல்லுகிறேன்.

நியூஜிலாந்து தேசத்தில் 1976-இல் பெனோடெரால் என்று ஒரு மூச்சுத் திறப்பு மருந்து வந்தது. அதே சமயத்தில் அந்தச் சிறு தேசத்தில் ஆஸ்துமாச் சாவு திடீரென்று ஏறிற்று. அந்த ஊர் ஆராய்ச்சிக்காரர்கள் செத்தவர்கள் எந்த மருந்து எடுத்தார்கள், பிழைத்தவர்கள் எந்த மருந்து எடுத்தார்கள் என்று கணக்கெடுத்து 1989-இல் வெளியிட்டார்கள். மருந்துக் கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை. பெரிய சண்டை நடந்தது. சர்க்கார் அந்த மருந்தைக் கட்டுப்படுத்தியது. சாவு இறங்கிவிட்டது. அதற்கு முன் 1960-களிலும் இங்கிலாந்தில் ஐசோபிரினலின் என்ற மருந்தைக் காரமாகச் செய்து விற்றபோது இதே மாதிரி சாவு ஏறி, எச்சரிக்கை செய்த பிறகு இறங்கிற்று.

பார்த்தீர்களா? இதில்தான் சயன்சுக்கும் சாமிக்கும் உள்ள பேதம் இருக்கிறது. சயன்ஸ் தப்புச் செய்யாது என்று யாரும் சொல்லவில்லை. அது தன் பிணங்களைத் தானே எண்ணுகிறது. எண்ணி, தப்பை ஒப்புக்கொண்டு, திருத்திக் கொள்ளுகிறது. மந்திரித்த கயிறு கட்டிச் செத்தவர்கள் எத்தனை பேர் என்று எந்தக் கோவிலிலாவது கணக்குப் புஸ்தகம் உண்டா? உண்டியல் கணக்கு மாத்திரந்தானே இருக்கிறது!

சால்பூட்டமால் விஷயத்திலும் இப்படிக் கணக்கெடுத்தபடியால்தான், நீலப் பம்பு மட்டும் எடுத்துக்கொண்டு காலந்தள்ளக் கூடாது, வீக்கம் ஆற்றுகிற மருந்தும் சேர்ந்தே இருக்கவேண்டும் என்று ஜீனா என்ற சர்வதேச ஆஸ்துமாக் குழு 2019-இல் தன் பழைய யோசனையையே மாற்றிக்கொண்டது. வேதத்தை யாராவது இப்படி மாற்றினது உண்டா?

செய்ய வேண்டியவை

இனி ஒவ்வொன்றாகச் சொல்லுகிறேன். எழுதத் தெரிந்த தோழர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

1. பம்பு பலமானது, மாத்திரை லேசானது என்று நினைப்பது தப்பு. கணக்குப் பாருங்கள். பம்பை ஒரு அமுக்கு அமுக்கினால் வருகிற சால்பூட்டமால் 100 மைக்ரோகிராம். மாத்திரை ஒன்றில் இருப்பது 4 மில்லிகிராம், அதாவது 4000 மைக்ரோகிராம். ஒரு மாத்திரை நாற்பது அமுக்குக்குச் சமானம்! பம்பு மருந்து நெஞ்சுக்கு நேரே போகிறது. மாத்திரை வயிற்றுக்குப் போய், இரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றிவிட்டு வருகிறது. அதனால்தான் மாத்திரை போட்டால் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. பம்பை நிறுத்தி மாத்திரை போடு என்று என் தங்கைக்குச் சொன்னேனே, அது எவ்வளவு பெரிய அறிவீனம் பாருங்கள்.

2. பம்பு அமுக்குகிற விதம் தெரிய வேண்டும். நன்றாகக் குலுக்கு. மூச்சை வெளியே விடு. வாயில் வைத்து உதட்டை மூடு. மெதுவாக உள்ளே இழுக்க ஆரம்பிக்கும்போதே அமுக்கு. முடிந்தமட்டும் ஆழமாக இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்கு. இரண்டாவது அமுக்கு வேண்டுமானால் அரை நிமிஷமாவது பொறுத்து மறுபடியும் குலுக்கி எடு. நம்மில் அநேகர் வாயைத் திறந்துகொண்டு தொண்டையில் அடித்துக்கொண்டு மருந்தில் குணமில்லை என்கிறார்கள். ஸ்பேசர் என்கிற பிளாஸ்டிக் கூடு ஒன்று உண்டு. அதை மாட்டிக்கொண்டால் மருந்து தொண்டையில் படியாமல் நெஞ்சுக்கு அதிகமாகப் போகும். குழந்தைகளுக்கு முகமூடி வைத்த கூடு இருக்கிறது.

3. பொடி மருந்துக் குப்பியை இழுக்கிற கருவியில் போட்டு வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். அதைத் தண்ணீர் விட்டு விழுங்குகிறவர்கள் உண்டு. அது நெஞ்சுக்குப் போகாது.

4. வீக்கம் ஆற்றும் பம்பு எடுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும். சுகமாக இருக்கிறது என்று அந்தப் பம்பை நீங்களாக நிறுத்தக் கூடாது. சுகமாக இருப்பதே அதனால்தான். கர்ப்பிணிகளும் நிறுத்தக் கூடாது; தாய்க்கு மூச்சு முட்டினால் வயிற்றில் உள்ள குழந்தைக்கும் முட்டும்.

5. நீலப் பம்பை வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் தேடுகிறீர்களா? இரவில் இழுப்பால் விழிக்கிறீர்களா? நோய் கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம். 200 அமுக்குள்ள பம்பு வருஷத்தில் மூன்று காலியானால் ஆபத்து நெருங்குகிறது. மாதம் ஒன்று காலியானால் உயிருக்கே ஆபத்து என்று தெரிந்துகொண்டு டாக்டரிடம் போங்கள். பம்பைக் குலுக்கினால் சத்தம் வருகிறது என்பதால் மருந்து இருக்கிறது என்று நம்பாதீர்கள். வெறும் வாயுவும் சத்தம் போடும். எத்தனை அமுக்கு ஆயிற்று என்று கணக்கு வையுங்கள்.

6. தியோபிலின் சேர்ந்த மாத்திரை, ஊசி இவைகளை மருந்துக் கடையில் கேட்டு வாங்கி நீங்களாகப் போட்டுக்கொள்ளாதீர்கள். அதில் குணப்படுத்துகிற அளவுக்கும் கெடுக்கிற அளவுக்கும் தூரம் மிகக் கொஞ்சம். மிஞ்சினால் வாந்தி, படபடப்பு, வலிப்பு. சிப்ரோபிளாக்சசின், எரித்ரோமைசின் போன்ற காய்ச்சல் மாத்திரைகளோடு சேர்ந்தால் அதன் அளவு இரத்தத்தில் ஏறிவிடும்.

7. பெயர் எழுதாத பொட்டலப் பொடி, பெயர் சொல்லாத ஊசி, இரண்டும் வேண்டாம். ஒரே நாளில் அற்புதமாகக் குணம் தெரிகிற பொட்டலத்தில் ஸ்டிராய்டு மாத்திரையை இடித்துக் கலந்திருக்கலாம். டாக்டர் சில நாளைக்கு அளந்து கொடுத்தால் அது உயிர் காக்கும். மாதக்கணக்கில் தெரியாமல் தின்றால் முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு இளகும். திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. "மருந்தின் பெயர் என்ன?" என்று கேட்கிறவனைப் பார்த்துக் கோபித்துக்கொள்ளுகிறவர், டாக்டராயிருந்தாலும் சாமியாராயிருந்தாலும், ஒன்றுதான்.

8. வேறு நோய்க்கு மருந்து வாங்கும்போது ஆஸ்துமா இருக்கிறது என்று சொல்லுங்கள். இரத்த அழுத்தத்திற்கும் நடுக்கத்திற்கும் கொடுக்கிற பிராப்ரனலால் போன்ற மாத்திரையும், கண்ணுக்கு விடுகிற டிமோலால் சொட்டு மருந்தும் இழுப்பைக் கிளப்பும். சிலருக்கு ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரையும் ஆகாது.

9. மூச்சு வாங்குவதெல்லாம் ஆஸ்துமா அல்ல. இருதயக் கோளாறிலும் க்ஷயத்திலும் பீடி பிடித்துக் கெட்ட நெஞ்சிலும் மூச்சு வாங்கும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைச் சோதிக்க வேண்டும். அடுத்த வீட்டுக்காரன் பம்பை வாங்கி அடித்துக்கொண்டு காலந்தள்ளக் கூடாது.

இழுப்பு மிஞ்சினால்

நோயாளியைப் படுக்க வைக்காதீர்கள், உட்கார வையுங்கள். சுற்றி நின்று காற்றை மறைக்காதீர்கள். சாம்பிராணி, கற்பூரம், ஊதுவத்திப் புகை கூடவே கூடாது. ஸ்பேசர் மாட்டி, நீலப் பம்பில் ஒவ்வொரு அமுக்காக நாலு அமுக்குக் கொடுங்கள். ஒவ்வொரு அமுக்குக்கும் நாலைந்து மூச்சு இழுக்கட்டும். நாலு நிமிஷம் பாருங்கள். குறையவில்லையென்றால் மறுபடியும் நாலு. அப்படியும் குறையாவிட்டால் உடனே 108-க்குச் சொல்லுங்கள்; வண்டி வருகிறவரை இப்படியே கொடுத்துக்கொண்டிருங்கள்.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலமாகிறது, மயக்கமாகக் கண் செருகுகிறது என்றால் காத்திருக்கவே வேண்டாம். முதலிலேயே 108. இன்னொன்று முக்கியம். சத்தமாக இழுத்துக்கொண்டிருந்த நெஞ்சு, ஆள் களைத்துப்போன நிலையில் திடீரென்று அமைதியானால், "சாமி இறங்கிவிட்டது, இழுப்பு நின்றுவிட்டது" என்று சந்தோஷப்படாதீர்கள். சத்தம் போடக்கூட உள்ளே காற்றுப் போகவில்லை என்று அர்த்தம். அதுதான் கடைசி நேரம்.

தோல் ஷாப்புத் தோழர்களுக்கு

இங்கே ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியில் தோல் ஷாப்புகளிலும் ஷூ கம்பெனிகளிலும் வேலை செய்கிற தோழர்கள் வந்திருக்கிறீர்கள். குரோமிய உப்பு, பார்மலின், பாலிஷ் தெளிக்கிற மருந்து, தோல் உரசுகிற தூசி, ஷூ ஒட்டுகிற பசை, இவை முன்பு இழுப்பே இல்லாதவனுக்கும் இழுப்பைக் கொண்டுவரும். வேலை நாளில் நெஞ்சு இறுகி, லீவு நாளில் இளகினால், வேலையால் வந்த ஆஸ்துமா என்று சந்தேகப்பட வேண்டும். டாக்டரிடம் என்ன வேலை செய்கிறேன் என்று சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

இங்கே ஒரு அக்கிரமத்தைப் பாருங்கள். முதலாளி ஆயுதபூஜை அன்று மிஷினுக்குச் சந்தனம் வைத்துப் பூசணிக்காய் உடைக்கிறார். அதே மிஷின் பக்கத்தில் புகையை வெளியே இழுக்கிற விசிறி வைப்பதற்கும், தொழிலாளிக்குத் தகுந்த முகக் கவசம் வாங்குவதற்கும் பணமில்லை என்கிறார். பூசணிக்காய் தூசியைத் தடுக்குமா? இதைச் சங்கம் கேட்க வேண்டும். பம்பை வாங்கி எடுத்துக்கொண்டே அந்த விஷக்காற்றில் நின்றுகொண்டிருப்பது, ஒரு கையால் தண்ணீர் ஊற்றி மறு கையால் நெருப்பு வைப்பது போலாகும். வீட்டில் தாய்மார்கள் விறகுப் புகையில் நிற்பதும் அப்படித்தான்.

முடிவு

"டாக்டர் மருந்து கொடுத்தார், சாமியும் கும்பிட்டேன், இரண்டும் சேர்ந்து குணமாயிற்று, இதில் உனக்கு என்ன நஷ்டம்?" என்று ஒரு தோழர் வரும் வழியில் கேட்டார். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டு அவர் எதையாவது கும்பிட்டுத் தொலையட்டும். ஆனால் நாளைக்கு இழுப்பு வரும்போது கை முதலில் விபூதிக்குப் போகுமா, பம்புக்குப் போகுமா? அந்த ஐந்து நிமிஷத்தில்தான் உயிர் இருக்கிறது. அதுதான் நஷ்டக் கணக்கு.

வாலிபத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. ஆஸ்துமா உள்ள பெண்ணைக் கட்டமாட்டேன் என்று சொல்லுவது சுயமரியாதை அல்ல. நோயை மறைத்துக் கல்யாணம் செய்ய வேண்டிய நிலைமையை உண்டாக்கினதே நாம்தான். மருந்து எடுத்துக்கொண்டால் அவளும் எல்லோரையும்போல வேலை செய்வாள், பிள்ளை பெறுவாள், மலையும் ஏறுவாள். பம்பைச் சேலைக்கு அடியில் ஒளிக்க வேண்டாம், சட்டைப் பையில் பேனாவைப்போல எல்லோரும் பார்க்க வைத்துக்கொள்ளலாம் என்கிற தைரியத்தை நம் வீடுகளில் உண்டாக்க வேண்டும். கண்ணாடி போட்டவனைப் பார்த்து "கண்ணாடிக்கு அடிமையாகிவிட்டான்" என்று யாராவது சொல்லுகிறோமா?

இந்த இரண்டு வகைப் பம்பு மருந்தும் சர்க்காரின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே உங்கள் ஊர் அரசாங்க ஆஸ்பத்திரியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இரண்டும் இருக்கிறதா என்று போய்க் கேளுங்கள். நீலப் பம்பு இருந்து மற்றது இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். நாலு பேர் சேர்ந்து போய்க் கேளுங்கள். சாமியிடம் வேண்டிக்கொள்ளுவதற்கு 1305 படி ஏறுகிற ஜனங்கள், உரிமையைக் கேட்பதற்கு ஆஸ்பத்திரியின் நாலு படியை ஏற மாட்டோமா?

என் தங்கை இன்றைக்கும் இருக்கிறாள். காலையும் இரவும் பம்பு எடுக்கிறாள், வாய் கொப்பளிக்கிறாள், வேலைக்குப் போகிறாள். நீலப் பம்பைத் தொட்டு மாதக்கணக்காகிறது என்று சொல்லுகிறாள். நான் எப்போதாவது வைத்தியத்தைப் பற்றி வாயைத் திறந்தால், "அண்ணா, யாரைக் கேட்டுச் சொல்றே?" என்று கேட்கிறாள். தோழர்களே, பகுத்தறிவு என்று நாம் இத்தனை வருஷமாகப் பேசுவதெல்லாம் அந்த ஒரு கேள்விதான். அதை என்னையும் கேளுங்கள். நான் சொன்னதையும் டாக்டரிடம் விசாரித்துப் பார்த்துப் பிறகு ஒப்புக்கொள்ளுங்கள்.